ரெண்டு வயசுப் பிள்ளைகளோடு தீம் பார்க்: போடி, குரங்கணிப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் கணக்கு

தீம் பார்க்கில் பிள்ளையின் வயதைக் கேட்பதில்லை, உயரத்தைத்தான் அளக்கிறார்கள். நுழைவாசலில் ஒரு அளவுகோல் நிற்கும். உள்ளே ஒவ்வொரு ராட்டினத்தின் முன்னாலும் இன்னொன்று நிற்கும். வண்டர்லா பூங்காக்களில் 85 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. 85 முதல் 140 வரை சிறுவர் டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஒரு வயதுப் பிள்ளை சராசரியாக 75 சென்டிமீட்டர் இருக்கும். இரண்டு வயதில் 86, 87. மூன்று வயதில் 95, 96. ஆக, இரண்டாவது பிறந்தநாளை ஒட்டியே டிக்கெட் எடுக்க வேண்டியதாகிவிடுகிறது. பெரிய ராட்டினங்கள் கேட்கும் 120, 140 உயரத்தை எட்ட அதற்கப்புறம் ஐந்து முதல் எட்டு வருடம் ஆகும். அதுவரை காசு கொடுத்து உள்ளே போனாலும் பூங்காவின் பெரும்பகுதி பிள்ளைக்கு வேடிக்கை பார்க்க மட்டும்தான்.

இதன் விளைவு பெரியவர்கள் தலையில் விழுகிறது. பிள்ளை ஏற முடியாத எந்த ராட்டினத்தில் ஏறுவதானாலும் ஒருவர் கீழே பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கணவன், மனைவி, ஒரு பிள்ளை என்று போனால் கணவன் தனியாக ஏறி இறங்குவார், மனைவி தனியாக ஏறி இறங்குவார், இருவரும் ஒருவருக்கொருவர் கையசைத்துக்கொள்வார்கள். இரண்டு பிள்ளை என்றால் அதுவும் போச்சு. நான்கு பெரியவர், இரண்டு பிள்ளை என்று சேர்ந்து போகும்போதுதான் கணக்கு சரியாகிறது: இரண்டு பேர் மேலே, இரண்டு பேர் கீழே, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். பழைய நண்பரின் குடும்பத்தோடு இப்படிப் போவது தேனி மாவட்டத்தில் இன்று சாதாரணமாகிவிட்டது. ஒன்றாகப் பள்ளியில் படித்த இருவரில் ஒருவர் போடியில் ஏலக்காய்க் கடையிலோ தோட்டத்திலோ நின்றுவிட்டார். மற்றவர் திருப்பூர், சென்னை, பெங்களூரு என்று போய்விட்டார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிள்ளை பிறந்திருக்கிறது. எங்காவது சந்திக்க ஒரு சாக்கு வேண்டும்.

பெரியவர்கள் பெஞ்சில் உட்கார, பிள்ளைகள் மட்டும் சுற்றுவது என்ற ஏற்பாட்டில் அலுத்துப்போய்த்தான் வால்ட் டிஸ்னி தீம் பார்க் யோசனைக்கு வந்தார். லாஸ் ஏஞ்சல்ஸின் கிரிஃபித் பார்க்கில் தன் இரண்டு மகள்களும் குதிரை ராட்டினத்தில் சுற்றுவதைப் பெஞ்சில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். டிஸ்னிலேண்ட் 1955 ஜூலையில் திறந்தது. இந்தியாவில் முதலில் வந்தது டெல்லியின் அப்பு கர், 1984இல். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் குட்டியானைச் சின்னம் அப்புவின் பெயரை அதற்கு வைத்தார்கள். சென்னையில் தாம்பரம் பக்கம் 1995இல் வந்த கிஷ்கிந்தா, ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன் உருவாக்கியது. கொச்சியில் வி-கார்டு நிறுவனர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000இல் தொடங்கிய வீகாலேண்ட்தான் இன்றைய வண்டர்லா. இந்த இந்தியப் பூங்காக்கள் எல்லாமே கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளையும் கல்லூரிக்காரர்களையும் மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. ரெண்டு வயசுக்காரர்களுக்கு ஒரு மூலை ஒதுக்கியிருப்பார்கள். டிஸ்னியின் பெஞ்ச் அந்த மூலையில் இன்னமும் இருக்கிறது.

போடி வட்டாரத்துப் பிள்ளைக்கு முதல் ராட்டினம் இந்தப் பூங்காக்கள் எதிலும் கிடைப்பதில்லை. அது வீரபாண்டியில் கிடைக்கிறது. முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழா நடக்கும் அந்த வாரத்தில் தேனி மாவட்டமே அங்கேதான் இருக்கும். அக்னிச்சட்டி, ஆயிரங்கண் பானை, பொரிகடலைக் கடை, வளையல் கடை எல்லாவற்றையும் தாண்டிப் போனால் ராட்டினத் திடல். வானத்தை முட்டும் ராட்டினமும் கொலம்பஸும் மரணக் கிணறும் பெரியவர்களுக்கு. ஓரமாக, குதிரையும் காரும் விமானமும் பொருத்திய குட்டி ராட்டினம் சின்னதுகளுக்கு. அதில் ஒரு சுற்று ரெண்டு நிமிடம் இருக்கும். தகப்பன் பக்கத்திலேயே கூட நடந்துகொண்டு பிள்ளையின் இடுப்பைப் பிடித்திருப்பார். உயரம் அளக்க யாரும் இல்லை. பாதுகாப்பும் அந்த அளவுக்குத்தான். சீட்டில் பெல்ட் இருக்கிறதா, இணைப்பு ஆணி இறுக்கமாக இருக்கிறதா என்று ஏற்றுகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ரெண்டு வயசுக்கு ஏற்ற அளவு என்று பார்த்தால் வீரபாண்டியின் குட்டி ராட்டினம் பல தீம் பார்க்குகளைவிடச் சரியாக இருக்கிறது: கொஞ்ச நேரம், கொஞ்ச வேகம், கைக்கெட்டும் தூரத்தில் அப்பா. இதில் பயப்படாத பிள்ளையைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகலாம். இதிலேயே வீறிட்ட பிள்ளைக்கு இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாம்.

    

போடியிலிருந்து எந்தப் பூங்காவுக்குப் போவது என்பதைத் தூரத்தைவிடப் பிள்ளையின் தூக்கமே தீர்மானிக்க வேண்டும். மதுரை பரவையில் திண்டுக்கல் சாலையில் உள்ள அதிசயம் பூங்காவுக்கு, தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக வண்டியில் ரெண்டு, ரெண்டரை மணி நேரம். காலையில் போய் இரவு வீடு திரும்பலாம். லாட்ஜ் செலவு இல்லை. பிள்ளை அன்றைக்கு ராத்திரி தன் தொட்டிலிலேயே தூங்கும். முதல் தடவைக்கு இதுதான் உத்தமம். அதைவிடச் சின்னதாகத் தொடங்க நினைத்தால் வைகை அணைப் பூங்கா இருக்கிறது. 1959இல் திறந்த அணையின் இரு கரையிலும் தோட்டமும் சறுக்கு, ஊஞ்சலும் உண்டு. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் போதும். தீம் பார்க் என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். ரெண்டு வயசுக்காரருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கொச்சி வண்டர்லா வேறு மாதிரியான பயணம். போடியிலிருந்து போடிமெட்டு, மூணாறு, அடிமாலி, கோதமங்கலம் என்று இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் முதல் பாதி முழுக்க மலை. பிள்ளைகளோடு ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. முதல் நாள் போய்த் தங்கி, மறுநாள் பூங்கா, மூன்றாம் நாள் திரும்புவது என்றால்தான் தாங்கும். சென்னையில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வண்டர்லா 2025 டிசம்பரில் திறந்தது. அங்கேயே இருக்கும் நண்பர் வீட்டில் தங்கிப் போகிறவர்களுக்கு அது வசதி. மீட்டர் கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடிய பிறகு போடிக்குப் பன்னிரண்டு வருடத்துக்கும் மேலாக ரயிலே இல்லாமல் இருந்தது. அகலப் பாதை 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூன் 15இல் போடி வரைக்கும் வந்தது. அன்றிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு வாரம் மூன்று நாள் இரவு ரயில் உண்டு. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் ரயிலில் டிக்கெட் வேண்டாம். கீழ்ப்படுக்கை கிடைத்தால் தாயும் பிள்ளையும் நிம்மதியாகப் படுத்துப் போகலாம். மேல்படுக்கையில் பிள்ளையோடு படுப்பது சரிவராது.

எப்போது போவது என்பதில் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. எல்.கே.ஜி. சேரும்வரை பிள்ளைக்கு முழுப்பரீட்சை லீவு என்று ஒன்று கிடையாது. அப்படியிருக்க, ஊரெல்லாம் திரளும் ஏப்ரல், மே மாதத்தில் போய் ஒரு ராட்டினத்துக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்பது வீண். மே 4 முதல் 28 வரை கத்திரி. போடிக்கு மேலே குரங்கணிச் சரிவின் குளிர்ச்சிக்குப் பழகிய பிள்ளை மதுரை வெயிலில் ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடும். ஜூன் பிறந்தால் கொச்சியில் மழை. போடிக்காரர்களுக்கு ஜூலை, ஆகஸ்டில் தொடங்கும் ஏலக்காய் எடுப்பு ஜனவரி, பிப்ரவரி வரை ஓடும்; தோட்டத்தில் இருப்பவரானாலும், ஸ்டோரில் காய் உலர்த்துகிறவரானாலும், ஸ்பைசஸ் போர்டு ஏலத்துக்குப் போகிற வியாபாரியானாலும் அப்போது நகர முடியாது. எடுப்பு ஓய்ந்து, பள்ளிகள் இன்னும் நடந்துகொண்டிருக்கும் பிப்ரவரி, மார்ச்சின் ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமைதான் எல்லாக் கணக்குக்கும் ஒத்துவருகிறது. நண்பர் ஐ.டி. கம்பெனியில் இருந்தால் அவர்தான் லீவு போட வேண்டும். ஏலக்காய் யாருக்காகவும் காத்திருக்காது.

வெளியூர் நண்பர் முதலில் போடிக்கு வந்து, குரங்கணியைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து சேர்ந்து பூங்காவுக்குப் போகலாம் என்ற திட்டமும் வழக்கமாகக் கேட்பதுதான். பிப்ரவரி, மார்ச்சில் மலைக்காடு காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11 காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, தீக்காலத்தில் வனத்துறை மேலே விடுவதில்லை. கைப்பிள்ளையோடு மேலே போக வேண்டிய தேவையும் இல்லை. முந்தல் தாண்டிக் குரங்கணி ஊர் வரை பஸ்ஸிலோ வண்டியிலோ போய், டீ குடித்துவிட்டு, ஆற்றில் பிள்ளையின் காலை நனைத்துத் திரும்பினால் அரைநாள் போய்விடும். பூங்காவுக்கு முந்தின நாளில் இதற்கு மேல் எதையும் சேர்க்கக் கூடாது.

மலைப்பாதையில் வாந்தியைப் பற்றிப் பெற்றோர்கள் பயப்படுவது பாதிதான் சரி. ரெண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குப் பயணக் குமட்டல் அரிது. அதற்குப் பிறகுதான் தொடங்கிப் பள்ளி வயதில் உச்சத்துக்குப் போகிறது. ஒன்றரை வயதுப் பிள்ளை போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவையும் தூங்கியே கடந்துவிடும், மூன்று வயதுப் பிள்ளை ஐந்தாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிடும். கிளம்புவதற்குச் சற்று முன்னால் வயிறு முட்டப் பால் கொடுக்காமல் இருப்பது, செல்போனைக் கையில் கொடுக்காமல் ஜன்னல் வழியாகத் தூரத்தைப் பார்க்கச் செய்வது, முந்தலிலும் போடிமெட்டிலும் நிறுத்துவது, இவ்வளவுதான் வழி. மடியில் வைத்து முன்சீட்டில் உட்காருவது நம் ஊரில் எல்லோரும் செய்வது. அதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. பதினாலு வயதுக்குள் இருப்பவரைப் பெல்ட்டோ பிள்ளைகளுக்கான சீட்டோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. டிராவல்ஸ் வண்டியில் அந்தச் சீட் இருக்காது. இரண்டு குடும்பத்தில் யாரிடமாவது இருந்தால் கழற்றிக்கொண்டு வர வேண்டும். ஒரே வண்டியில் எல்லோரும் போவதற்காக அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வரக் கூடாது.

பூங்காவுக்குள் நடக்கும் நாளைத் தூக்கத்தைச் சுற்றித்தான் அமைக்க முடியும். ஒன்று, ரெண்டு வயதில் பகல் தூக்கமும் சேர்த்து நாளைக்குப் பதினொன்று முதல் பதினாலு மணி நேரத் தூக்கம் தேவை. பெரும்பாலான பிள்ளைகள் மதியம் ஒரு மணி வாக்கில் கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிடும். வண்டர்லா போன்ற இடங்களில் கேட் திறப்பதே காலை பதினொரு மணி வாக்கில். தண்ணீர் விளையாட்டுகள் அதற்கப்புறம்தான் தொடங்கும். ஆக, பிள்ளை சுறுசுறுப்பாக இருக்கும் நேரம் என்று கையில் இருப்பது ரெண்டு மணி நேரம்கூட இல்லை. அந்த ரெண்டு மணி நேரத்தைப் பிள்ளைக்கே கொடுத்துவிட வேண்டும்: குதிரை ராட்டினம், குட்டி ரயில், குட்டிக் கார். பெரியவர்களின் ராட்டினம் பிள்ளை தூங்கிய பிறகு. நிழலான, சத்தம் குறைந்த ஓர் இடத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொண்டு, ஒரு பருத்திப் புடவையும் விரிப்பும் கொண்டுபோனால், ரெண்டு பிள்ளைகளையும் அங்கே தூங்கவைத்து ஒருவர் காவல் இருக்கலாம். மற்ற மூவர் போகலாம். ஆள் கணக்கு மிகவும் லாபமாக இருப்பது பிள்ளைகள் தூங்கும் இந்த ஒன்றரை மணி நேரத்தில்தான்.

சாப்பாடு கேட்டிலேயே பிரச்சினையாகத் தொடங்கும். வெளி உணவு கொண்டுவரக் கூடாது என்பது பூங்காக்களின் பொது விதி. கைக்குழந்தை உணவுக்கு விலக்கு உண்டு. ஆனால் ரெண்டு வயசுப் பிள்ளையின் உணவு எது என்பதில் கேட்காரருக்கும் தாய்க்கும் ஒரே கருத்து இருக்காது. பையைத் திறந்து, டப்பாவைத் திறந்து, உள்ளே நாலு இட்லி இருப்பதைப் பார்த்து அவர் நிமிர்ந்து பார்ப்பார். நெய் ஊற்றிக் குழைத்த பருப்புச் சாதமாக, ஸ்பூனோடு, பிள்ளையின் சின்ன டப்பாவில் இருந்தால் கேள்வி வராது. பிள்ளைக்கு ஒரு டப்பா என்பது பேச்சில்லாமல் போய்விடும்; பெரியவர்கள் ஆளுக்கு ரெண்டு புளிசாதப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனால் அது வாசலிலேயே நின்றுவிடும். உள்ளே வாங்குவதில் காரம் இல்லாதது என்று பார்த்தால் தயிர்சாதம், வாழைப்பழம், பிஸ்கட். கொச்சிப் பக்கம் என்றால் அவித்த நேந்திரம்பழம் ஒன்றே ஒரு வேளைக்குப் போதும்.

தண்ணீர்ப் பக்கத்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். சின்னப் பிள்ளை மூழ்குவதற்கு நாலு விரல் தண்ணீர் போதும், அது சத்தமே இல்லாமல் நடக்கும். சினிமாவில் வருவதுபோல் கையை அடித்துக் கத்துவதில்லை. நான்கு பெரியவர்கள் இருக்கும்போதுதான் இந்த ஆபத்து கூடுகிறது, ஏனென்றால் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். ஆகவே வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும். “மாப்ள, பயல நீ பாத்துக்க, நான் துண்டு எடுத்துட்டு வாரேன்” என்று சொல்லி, “ம், சரி” என்று பதில் வந்த பிறகுதான் நகர வேண்டும். பதில் வராவிட்டால் பயலையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பருத்தித் துணியோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள். நைலான் உடை வேண்டும், பிள்ளைக்கும் சேர்த்து. உள்ளே கடையில் வாங்கினால் விலை கூடுதல். தேனி, போடி கடைவீதியிலேயே முன்கூட்டி வாங்கிவிடலாம். சாதாரண டயப்பர் தண்ணீரை உறிஞ்சிப் பந்தாக உப்பிவிடும்; நீச்சலுக்கென்றே இருக்கும் டயப்பர் தனி. அலைக்குளத்தில் அலை தொடங்குமுன் சங்கு ஊதுவார்கள். அந்தச் சத்தத்துக்கே பாதிப் பிள்ளைகள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். சின்னப் பிள்ளைகளின் ஆழமில்லாக் குளத்தில் இருபது நிமிடம் ஆடி, உதடு நீலம் பாரிக்குமுன் தூக்கித் துவட்டிவிட்டால் போதும்.

பயம் எதிர்பாராத இடத்திலிருந்தும் வரும். பொம்மை வேஷம் போட்டவர் கைகுலுக்க வந்தால் ரெண்டு வயசுப் பிள்ளை சிரிக்கும் என்று பெற்றோர் கேமராவைத் தயாராக வைத்திருப்பார்கள், பெரும்பாலும் அழும். அசையாத பெரிய முகம், உள்ளே மனிதக் குரல் என்ற சேர்க்கை அந்த வயதுக்குப் பிடிப்பதில்லை. சென்னை வி.ஜி.பி. பூங்காவில் அசையாமல் நின்ற சிலை மனிதரை எப்படியாவது சிரிக்கவைக்கப் பார்த்த தலைமுறைதான் இன்று பெற்றோர். அவர்களின் பிள்ளைகள் அப்படி ஒருவர் பக்கத்தில் போகவே மறுக்கும். வலுக்கட்டாயமாக ஒரு போட்டோ எடுத்தால் மிச்ச நாள் முழுக்க இடுப்பை விட்டு இறங்காது. அதே பிள்ளை, யாரும் காசு வாங்காத ஓர் இடத்தில் அரை மணி நேரம் குந்தியிருக்கும்: செடிக்குத் தண்ணீர் விடும் குழாய் ஒழுகி, சிமென்ட் தரையில் சிறு ஓடையாகி, அதில் ஓர் எறும்பு தத்தளித்தால் போதும். பிள்ளைக்கு எறும்பு கிடைத்துவிட்டது. டிக்கெட் காசை நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

ரெண்டு பழைய நண்பர்களும் மனதில் வைத்திருக்கும் ஆசை ஒன்று உண்டு: நம்மைப் போலவே நம் பிள்ளைகளும் சிநேகிதமாகிவிட வேண்டும். ரெண்டு வயதில் அது நடக்காது. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932இல் எழுதியது இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது: அந்த வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடும், சேர்ந்து விளையாடுவது மூன்று வயதுக்கு மேல் மெல்ல வரும். அதனால் வண்டியில் முதல் சண்டை ஒரே பொம்மைக்காக வரும். “தம்பிக்குக் குடு சாமி” என்று பெரியவர்கள் பஞ்சாயத்துப் பண்ணுவதால் அது தீர்வதில்லை. ஒரே மாதிரி இரண்டு வாங்கிக் கொடுப்பது மலிவு. பிள்ளையின் நினைவில் இந்தப் பயணம் தங்கப்போவதும் இல்லை. மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தது பெரியவரான பின் பெரும்பாலும் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. போட்டோவைப் பார்த்து, கேட்ட கதையை வைத்துத்தான் பின்னால் ஒரு நினைவு உருவாகும். பயணம் பெரியவர்களுக்காக. இதை முதலிலேயே ஒத்துக்கொள்பவர்கள் கொஞ்சம் குறைவாகக் களைத்துத் திரும்புகிறார்கள்.

பெரியவர்கள் என்றால் நான்கு பேர், அதில் இருவருக்கு ஒருவரையொருவர் அவ்வளவாகத் தெரியாது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆண்கள் இருவர் பத்தாம் வகுப்புக் கதையைத் தொடங்கினால் முடிக்க மாட்டார்கள். கல்யாண வீட்டில் ஒருமுறை பார்த்த இரண்டு பெண்கள், ஆளுக்கொரு பிள்ளையோடு, டயப்பர் மாற்றும் அறைக்கு வெளியே நிற்பார்கள். தோழிகள் இருவர் ஏற்பாடு செய்த பயணத்தில் கணவர்கள் இதே மாதிரி செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் பிள்ளை அவர்கள் கையில் இருக்காது. இங்கேதான் ஆள் கணக்கு பெரும்பாலும் சறுக்குகிறது: மேலே போகும் இருவர் எப்போதும் நண்பர்களாகவும், கீழே நிற்கும் இருவர் எப்போதும் மனைவிமார்களாகவும் ஆகிவிடுகிறார்கள். ஜோடியை மாற்றினால் சரியாகும். முதல் சுற்றுக்குப் பெண்கள் இருவரும் போகட்டும். ஆண்கள் இருவரும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பத்தாம் வகுப்புக் கதையைப் பேசட்டும், கதைக்கு ராட்டினம் தேவையில்லை. “ஏத்தா, அத்தைகிட்ட வர்றியா?” என்று நண்பரின் மனைவி கையை நீட்டும்போது பிள்ளை போகுமா என்பதும் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். ஒரு வயதை ஒட்டி உச்சத்தில் இருக்கும் புதுமுகப் பயம் ஒன்றரை, ரெண்டு வயதிலும் பல பிள்ளைகளுக்கு மிச்சம் இருக்கும். முந்தின நாள் ஒரே வீட்டில் தங்கி, ஒரு வேளைச் சோற்றை மாற்றி ஊட்டிப் பார்த்தால் மறுநாள் சுலபம்.

வளர்க்கும் முறையில் வித்தியாசம் வரும். ஒரு வீட்டில் சோறு ஊட்ட செல்போன் உண்டு, மற்ற வீட்டில் கிடையாது. ஒரு பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கினால் மற்றதுக்குச் சளி. நண்பனிடம் எதையும் சொல்லலாம், அவன் பிள்ளையை வளர்ப்பதைப் பற்றி மட்டும் சொல்ல முடியாது. பயணம் முடிந்தும் புகையும் மனத்தாங்கல்களில் பாதி இதிலிருந்து வருபவை. ஐஸ்கிரீம் வண்டி கண்ணில் படுமுன் பேசிவிடுவதுதான் ஒரே தடுப்பு.

பணத்தை யார் எவ்வளவு கொடுப்பது என்பதும் அதே ரகம். வண்டி வாடகை, டீசல், டிரைவர் பேட்டா, தங்கும் அறை ஆகியவை குடும்பத்துக்குப் பாதி. டிக்கெட் அவரவருக்கு, ஒரு பிள்ளை 84 சென்டிமீட்டரும் மற்றது 88உம் இருந்தால் அந்த ஒரு டிக்கெட்டை மட்டும் பாதியாக்கத் தேவையில்லை. சாப்பாட்டை ஒருவர் மதியம், ஒருவர் இரவு என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது நம் வழக்கத்துக்கு இயல்பாக வருகிறது. சென்னை நண்பர் சம்பாதிக்கிறார் என்பதால் அவரே எல்லாம் கொடுப்பதும், ஏலக்காய் விலை ஏறிய வருடம் என்பதால் போடிக்காரர் பையைத் திறப்பதும் நல்ல மனதில் நடப்பவைதான். இருந்தாலும் அப்படி ஒரு தரப்பே கொடுத்த பயணம் அடுத்த வருடம் மறுபடி நடப்பது குறைவு.

திரும்பும் நேரத்தைப் பூங்கா மூடும் நேரம் தீர்மானிக்கக் கூடாது. மதுரையிலிருந்து என்றால் நாலரை மணிக்குக் கிளம்பி, உசிலம்பட்டியில் டீக்கு நிறுத்தி, பிள்ளைகளின் வழக்கமான தூக்க நேரத்துக்குள் வீடு வந்துவிடலாம். கொச்சியிலிருந்து அன்றே கிளம்பினால் மலையில் இருட்டிவிடும். சின்னக்கானல், பூப்பாறைப் பக்கம் யானை நடமாட்டம் உள்ள சாலை. 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் என்ற யானையைப் பிடித்துக்கொண்டு போனது அந்தச் சின்னக்கானலில்தான். அந்த ஒரு யானை போனதால் மற்றவை இல்லாமல் போய்விடவில்லை. மறுநாள் காலை கிளம்புவது நல்லது. மழைக்காலத்தில் மூணாறு தாண்டி கேப் ரோட்டில் பலமுறை மண் சரிந்து வழி அடைபட்டிருக்கிறது. அப்படி இருந்தால் அடிமாலியிலிருந்து ராஜாக்காடு, பூப்பாறை வழியாகப் போடிமெட்டுக்கு வந்து இறங்கலாம். கிளம்புமுன் டிரைவரிடம் கேட்டால் அன்றைய நிலவரம் சொல்லிவிடுவார்.

வீடு வந்த பிறகும் ரெண்டு மூன்று நாள் பிள்ளையைக் கவனிக்க வேண்டும். நூற்றுக்கணக்கானவர் இறங்கிய குளத்துத் தண்ணீரில் ரெண்டு வாய் குடிக்காத பிள்ளை கிடையாது. வயிற்றுப்போக்கு தொடங்கினால் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுக்கத் தொடங்கி, மூத்திரம் குறைந்தாலோ பிள்ளை சோர்ந்து படுத்தாலோ, காய்ச்சல் விடாவிட்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கூடவே நண்பர் வீட்டுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். ரெண்டு பிள்ளைகளும் ஒரே குளத்தில் இறங்கியவை.